பெரும்பதனின் கல்

துப்பறியும் கதைகளில் முதலில் ஏதோ ஒரு பொருள் அகப்படும். அதற்கு உரியவர் யார் என்ற தேடல் பிறகு தொடங்கும். வரலாற்று ஆராய்ச்சியும் பல வேளைகளில் இப்படித்தான் நடக்கிறது. கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நேயர்களுக்கு அத்தகைய வழக்கு ஒன்றை இன்று எடுத்துரைக்கிறோம். காலம், உரோமாபுரிப் பேரரசர்கள் ஆண்ட காலம். இடம், நாம் வாழும் இதே தீபகற்பம்.

உரோமானியர் ஆட்சியிலிருந்த அலெக்சாந்திரியா நகரில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் நிலநூல் அறிஞர், இத்தீபகற்பத்தைப் 'பொன் தீபகற்பம்' என்று குறித்தார். இதற்குக் காரணம் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கேமரன் மலையில் பிறக்கும் தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றில் கலக்கிறது. ஜெலாய் பின்னர் தெம்பெலிங்குடன் சேர்ந்து பகாங் ஆறாகிறது. இதே பகாங் மாநிலத்தின் ரவூப், கோலலிப்பிஸ் வட்டாரங்கள் பொன் விளைந்த பூமி என்று பெயர் பெற்றவை.

பொன் இருக்கும் இடத்தைத் தேடி வணிகரும் பொற்கொல்லரும் வருவது இயல்பு. அப்படி வந்தவர்களுள் தமிழர் உண்டா? இதுதான் வழக்கு.

இதற்குரிய முதல் தடயம், தீபகற்பத்தின் வடபகுதியில், தாய்லாந்தின் கிராபி மாகாணத்தைச் சேர்ந்த குளோங் தோம் என்னும் ஊரில் கிடைத்தது. அது ஒரு சிறிய கல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. எழுத்தின் வடிவைக் கொண்டு அறிஞர்கள் இதனைக் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்கின்றனர்.

இது பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். பொன்னைக் கல்லில் தேய்த்தால் ஒரு கோடு விழும். மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டை அதனருகே இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். பொற்கொல்லரைப் 'பத்தர்' என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா? பெரும்பதன் என்ற பெயரை அதனோடு இணைத்துக் காண்பவர் உளர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணியும் பானையும் விலைப்பொருள்கள்; கைமாறிக் கைமாறி எங்கும் போகலாம். உரைகல்லோ தொழிற்கருவி. பெயர் பொறித்த கருவியை அதன் சொந்தக்காரர் தம்மோடு கொண்டு வந்தார் என்று கருதுவதே பொருத்தமாகும்.

ஆனால் ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. அதே குளோங் தோமில் உரோமானியப் பாணியில் உருவம் செதுக்கிய மணிக்கற்களும் கிடைத்துள்ளன. அதற்கு வடக்கே பூ காவ் தோங் என்னுமிடத்தில், தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானை ஓடு ஒன்று அகழாய்வில் வெளிப்பட்டது. அதில் தமிழுக்கே உரிய 'ற' இருப்பதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, 'காழகம்' என்ற ஊரைக் குறிப்பிடுகிறது. பழைய உரையாசிரியர் அதனைக் கடாரம் என்கிறார். கடாரம் நமது கெடாதான். கல்லும் ஓடும் நூலும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இவ்வழக்கில் காதலுக்கும் இடமுண்டு. பெண்டிருடன் கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். ஆகவே, கடல் கடந்து பொருள் தேடச் சென்றவனின் மனைவி ஊரிலேயே காத்திருந்தாள். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போன கப்பல், வடகிழக்குக் காற்று வீசினால்தான் திரும்ப முடியும். சங்க அகப்பாடல்களில் பிரிவும் காத்திருப்பும் அத்தனை பெரிய இடம் பெற்றிருப்பதில் வியப்பில்லை. பெரும்பதனின் கல் இக்கரையிலேயே தங்கிவிட்டது. அவன் திரும்பினானா என்பதுதான் துலங்காத மர்மம்.

இம்மலையை வில்லியம் கேமரன் அளந்தது 1885இல்; போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். தோட்டத்து லயங்களில்தான் இந்நாட்டில் தமிழரின் கதை தொடங்குகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை ஒரு சிறு கல் திருத்துகிறது. அதற்காக, பெரும்பதனை நம் பாட்டனென்று உரிமை கொண்டாடுவதும் முறையாகாது. நமக்கு முன்பே இம்மலைக் காடுகளில் வாழ்ந்தவர்கள் செமாய் மக்கள். உரைகல்லைப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர், தம் பேச்சையும் அதே கல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. மன்னர் பலரின் பெயரே மறைந்துவிட்ட நாட்டில் ஒரு தொழிலாளியின் பெயர் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், அவர் அதைத் தம் கருவியில் எழுதி வைத்ததுதான். தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. பழைய செக்ரோல், கோயில் கல்வெட்டு, கொழுந்துக் கூடையுடன் பாட்டி நிற்கும் நிழற்படம் ஆகியவை நம் வீடுகளில் இருந்தால், அவற்றில் பெயரும் ஆண்டும் இடமும் குறித்து வைப்போம். நாளைக்கு நம்மைத் துப்பறிய வருபவர்க்கு அவையே தடயங்கள்.