மத்தியஸ்தர் தீர்ப்பு

போட்டிகள் இருவகைப்படும். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கடிகாரமும் அளவுகோலும் வெற்றியைச் சொல்லிவிடும். வேறு சில போட்டிகளிலோ மனிதக் கண்ணே அளவுகோல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கிழக்குக்கரை முஸ்லிம் ஊர்களில் வழங்கிவந்த சிலம்படி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கம்பு தோளைத் தீண்டிற்றா, இடையில் தடுக்கப்பட்டதா என்பதைப் பார்த்தவரே சொல்லவேண்டும். சொல்பவர் யார் என்பது சுற்றி நிற்போர் அனைவருக்கும் தெரியும்.

உலக அரங்கில் இத்தகைய தீர்ப்பால் பெரிதும் இடருற்றது குத்துச்சண்டை. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியொன்றில் அமெரிக்க வீரர் ரோய் ஜோன்ஸ் 86 குத்துக்களைப் பதித்தார் என்றும், தென் கொரிய வீரர் பார்க் சி ஹன் 32 குத்துக்களையே பதித்தார் என்றும் கணக்கிட்டோர் கூறினர். எனினும், ஐந்து மத்தியஸ்தர்களுள் மூவர் பார்க்குக்கே வெற்றியளித்தனர்.

மனிதக் கண் தவறினால் இயந்திரம் திருத்தட்டும் என எண்ணினர். 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் பொத்தான் முறை வந்தது. ஐவருள் மூவரேனும் ஏறத்தாழ ஒரே விநாடிக்குள் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. ஆனால் பொத்தானை அழுத்தியதும் மனித விரலே. அடுக்கடுக்காக விழும் குத்துக்கள் பல கணக்கில் ஏறாமற் போயின. 2013இல் அம்முறை கைவிடப்பட்டு, சுற்றுக்குப் பத்துப் புள்ளி என்னும் முறை கொண்டுவரப்பட்டது.

மறு ஆண்டே தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், மணிப்பூர் வீராங்கனை சரிதா தேவி அரையிறுதியில் தென் கொரிய வீராங்கனையிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. இந்தியக் குழு முறையிட்டது. மத்தியஸ்தர் தீர்ப்பை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என மறுக்கப்பட்டது. பரிசளிப்பு மேடையில் சரிதா தமது வெண்கலப் பதக்கத்தை அக்கொரிய வீராங்கனையின் கழுத்திலேயே அணிவித்தார். பின்னர் மன்னிப்புக் கோரியும் அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

பனிச்சறுக்கு நடனமும் இதே வழியில் நடந்து வந்தது. 2002ஆம் ஆண்டு சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் இணையர் போட்டித் தீர்ப்பில் முறைகேடு வெளிப்பட, கனடிய இணையருக்கும் தங்கம் வழங்கப்பட்டது. அதன்பின் மத்தியஸ்தர் அச்சமின்றித் தீர்ப்பளிக்கவென, எவர் எத்தனை புள்ளி அளித்தார் என்பது மறைக்கப்பட்டது. மறைவு ஐயத்தையே வளர்த்தது. 2016இல் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. இதற்கிடையே, ஒவ்வொரு சுழற்சிக்கும் தாண்டலுக்கும் இன்ன மதிப்பு என்னும் விதியும் வந்திருந்தது. 2010இல் வான்கூவரில், நான்கு சுழற்சித் தாண்டல் ஆடிய ரஷ்ய வீரர் பிளஷெங்கோ, அதை ஆடாத அமெரிக்க வீரர் லைசசெக்கிடம் 1.31 புள்ளியால் தோற்றார். அங்கு எழுந்த வாதம் பெரிதும் அத்தாண்டலின் மதிப்பைப் பற்றியதாயிருந்தது. பின்னர் மதிப்பு உயர்த்தப்பட்டது.

குத்துச்சண்டைக்கு அந்நிலை வாய்க்கவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் போட்டி முடிவுகள் முறைகேடாக மாற்றப்பட்டமை 2021இல் வெளியான விசாரணை அறிக்கையால் தெரியவந்தது. நிர்வாகக் குறைபாடுகளுக்காக ஏற்கெனவே இடைநிறுத்தப்பட்டிருந்த உலக அமைப்பின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2023இல் விலக்கிக்கொண்டது.

பொத்தானும் புள்ளியும் மாறி மாறி வந்தன. தீர்ப்பளித்தவர் பெயர் சபையறிய நிற்பதும், காரணம் கேட்கத் தோற்றவருக்கு ஒரு வழி இருப்பதும் இல்லாதவிடத்து, அவற்றால் நீதி நிலைபெறவில்லை.