உரையாகப் பதிந்த எண்கள்

விரிதாளில் பார்வைக்கு எண்ணாகவும் கணக்கில் வெறும் எழுத்தாகவும் இருக்கும் மதிப்புகள். வங்கி அறிக்கையையோ வேறு மென்பொருள் தந்த பட்டியலையோ எக்செல்லுக்குள் கொண்டுவரும்போது இவை அதிகம் நுழைகின்றன. எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள்குறி இட்டாலும் இதே விளைவுதான். அடையாளம் எளிது: வழக்கமாக எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், உரை இடப்பக்கம். பெரும்பாலும் இடது மேல்மூலையில் சிறு பச்சை முக்கோணமும் தோன்றும்.

ஏ1-இல் 250, ஏ2-இல் 400 என இரண்டும் உரையாக இருந்தால், அவற்றைக் கூட்டச் சொன்ன சம் சார்பு 0 என்கிறது. ஏ1+ஏ2 என்று எழுதினாலோ 650 வருகிறது. பலரும் குழம்புவது இங்கேதான். வடிவமைப்பை ‘எண்’ என மாற்றினால் மட்டும் போதாது. கட்டத்தைத் திறந்து மீண்டும் என்டர் தட்டும்வரை உரை உரையாகவே கிடக்கும். நூற்றுக்கணக்கான வரிகள் என்றால், வெற்றுக் கட்டமொன்றில் 1 இட்டு நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ‘பெருக்கு’ என்பதைத் தேர்ந்து ஒட்டுவதே விரைவான வழி. டெக்ஸ்ட் டு காலம்ஸ், வேல்யூ சார்பு ஆகியவையும் உண்டு. இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பிரியா இடைவெளி (எழுத்தெண் 160) ட்ரிம் சார்புக்கு அகப்படாது. சப்ஸ்டிட்யூட் கொண்டுதான் நீக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடவும் கூடாது. எக்செல் 15 இலக்கங்களையே துல்லியமாகக் காக்கும். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். 0-இல் தொடங்கும் குறியீடுகள் அந்த 0-ஐ இழக்கும். இவற்றை உரையாகவே விட்டுவையுங்கள்.