சீன வெள்ளி நாணயங்களும் போலிகளும்

நாணயம் என்னும் சொல் தமிழிற் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளும் பிரியுமிடத்திலேயே போலி பிறக்கின்றது. சீனத்து வெள்ளியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சீனர் நெடுங்காலமாக நடுவிற் சதுரத் துளையுடைய செப்புக் காசுகளையே வார்த்து வழங்கினர். வெள்ளி பெரும்பாலும் கட்டியாகவே கைமாறியது. ஏறத்தாழ 37 கிராம் கொண்ட 'லியாங்' என்னும் நிறையலகே அதன் மதிப்பை அறுதியிட்டது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், மணிலா வழியாக ஸ்பானிய அமெரிக்க வெள்ளி சீனத்தினுட் பாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவின் கழுகு டொலர் அதன் இடத்தைப் பெற்றது.

அந்நிய அரசரின் உருவத்தைச் சீன வணிகர் நம்பினாரல்லர், உலோகத்தையே நம்பினர். துறைமுகங்களில் வெள்ளியைச் சோதிப்போர் 'ஷ்றொவ்' எனப்பட்டனர். அரபு மொழி வழிவந்த இச்சொல்லின் உறவே ஈழத்துக் கச்சேரிகளில் வழங்கிய 'சிறாப்பர்' என்பதும். சோதித்துத் தேர்ந்த நாணயத்தில் வணிகர் தம் முத்திரையைப் பொறித்தனர். முன்னர்ச் சேகரிப்போர் பலர் இவ்வடையாளங்களைச் சிதைவெனக் கருதி ஒதுக்கினர். உண்மையில் அவை, அந்நாணயம் பல கைகளிற் சோதனைக்குட்பட்டதைக் காட்டும் வரலாற்றுச் சான்றுகளாகும்.

1889-1890இல் குவாங்துங் மாகாணம், பேர்மிங்ஹாமிலிருந்து பெற்ற இயந்திரங்களைக் கொண்டு கடல்நாக உருவம் பொறித்த வெள்ளி நாணயங்களை அடிக்கத் தொடங்கிற்று. 1914இல் யுவான் ஷி-காயின் தலையுருவம் தாங்கிய டொலர் வெளிவந்தது. 1933இல் லியாங் அலகு கைவிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு வெள்ளிக் கொள்வனவுச் சட்டத்தால் வெள்ளி விலை உயரவே, சீனத்து வெள்ளி பெருமளவில் வெளியேறியது. 1935 நவம்பரிற் சீனம் வெள்ளி நியமத்தைத் துறந்தது. அதன்பின் இந்நாணயங்கள் படிப்படியாகச் சேகரிப்போரின் பொருளாயின. போலி செய்வோரின் நோக்கும் அவர்பாற் சென்றது.

போலியை அறியும் வழிகளுள் நிறையே முதலாவது. யுவான் டொலர் ஏறத்தாழ 26 முதல் 27 கிராம் வரை நிற்கும். விட்டம் ஏறத்தாழ 39 மில்லிமீற்றர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்பும் கொண்ட கலப்பின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 10.3, பித்தளையினது 8.5 அளவினதே. காந்தம் கவர்வது வெள்ளியன்று. எனினும் காந்தம் கவராமை மட்டுமே மெய்ம்மைக்குச் சான்றாகாது. வார்த்த போலியின் பரப்பில் நுண்துளைகளும், விளிம்பில் அச்சுப் பொருத்திய கோடும் தென்படலாம். எழுத்தின் ஓரங்களும் கூர்மை குன்றியிருக்கும். நல்ல வெள்ளியில் அடிக்கப்பட்ட போலியோ இச்சோதனைகள் பலவற்றையும் கடந்துவிடும். அதனை ஐயமற்ற நாணயத்துடன் எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கியே தெளிதல் வேண்டும்.

மெய்யான நாணயமும் சிலவேளை மயக்கம் தரும். குடியரசின் மூன்றாம் ஆண்டு, அதாவது 1914, எனப் பொறித்த யுவான் டொலர்கள் அவ்வாண்டிற்குப் பின்னரும் பன்முறை அடிக்கப்பட்டன. எனவே பொறித்த ஆண்டை அடித்த ஆண்டெனக் கொள்ளுதல் வழுவாகும்.

அக்காலத்துப் போலியும் ஒருவகை ஆவணமே. வணிகரின் அச்சத்தையும் அதற்கு அவர் கண்ட காப்பையும் அது காட்டுகின்றது. இக்காலப் போலியோ, வணிகர் முத்திரையையுங்கூடப் பொய்யாகப் பொறித்து, நிகழாத கைமாற்றங்களுக்குச் சான்று படைக்கின்றது. சேகரிப்போன் இழப்பது பொருளே. அப்பொய்ச் சான்றை ஏற்று எழுதப்படும் வரலாறோ அதனைக் கற்போர் அனைவரையும் வழிதவறச் செய்யும். ஆதலின் நாணயத்தைச் சோதித்தல் வணிகனுக்கு மட்டுமன்றி வரலாற்று மாணவனுக்கும் உரிய கடனாகும்.