பெரிய திரை டிவி வாங்குகிறீர்களா? ‘எச்டி ரெடி’, ‘ஃபுல் எச்டி’, ‘4கே’ உணர்த்துவது என்ன?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் 43, 55 அங்குலத் திரைகளுக்கு மாற எண்ணும் குடும்பங்களின் செலவு ஓரளவு குறைந்துள்ளது. ஆனால், பெரிய திரையை வாங்கிச் சுவரில் மாட்டிய பின், பழைய டிவியிலேயே படம் தெளிவாக இருந்ததே என்று வருந்துவோரும் உண்டு. பெரும்பாலும் அது டிவியின் பழுது அன்று. ரெசல்யூஷன் எனப்படும் தெளிவுத்திறனைக் கருத்தில் கொள்ளாமல் வாங்கியதன் விளைவே அது.

புள்ளிகளின் கணக்கு

திரையில் தெரியும் படம், பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலவாக்கில் எத்தனை புள்ளிகள், உயரவாக்கில் எத்தனை வரிசைகள் என்பதையே தெளிவுத்திறன் குறிக்கிறது. ஃபுல் எச்டி என்றால் 1920 x 1080. அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே அல்லது அல்ட்ரா எச்டி என்றால் 3840 x 2160. சுமார் 83 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியைப் போல் நான்கு மடங்கு. 8கே திரையில் 3.3 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்தாலும், அதற்கேற்ற நிகழ்ச்சிகள் மிக அரிது என்பதால் சாதாரண வீடுகளுக்கு அது இப்போதைக்குத் தேவையற்றது.

அதிகக் குழப்பம் தருவது ‘எச்டி ரெடி’ என்ற சொல்லே. 2005இல் ஐரோப்பாவில் அறிமுகமான இந்த முத்திரைக்கு, திரையில் குறைந்தது 720 வரிசைகள் இருக்க வேண்டும், எச்டி சிக்னலை ஏற்கும் வசதி வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். இந்தியச் சந்தையில் 32 அங்குல எச்டி ரெடி டிவிகள் பலவற்றின் திரை 1366 x 768 அளவுடையது. எந்தச் சேனலும் இந்த அளவில் ஒளிபரப்புவதில்லை. எனவே, வரும் படத்தை டிவி எப்போதும் நீட்டியோ சுருக்கியோதான் காட்டுகிறது. திரைப்படத்தில் கண் இதைப் பொருட்படுத்தாது. மடிக்கணினியை இணைத்து எழுத்துகளைப் படிக்க முயன்றால் மங்கல் புலப்படும்.

இத்தகைய டிவிகளின் விளம்பரங்களில் ‘1080 ஆதரவு’ என்று காணப்படுவதுண்டு. 1080 சிக்னலை டிவி ஏற்கும் என்பதே அதன் பொருள். திரையில் அத்தனை வரிசைகள் உள்ளன என்பதன்று. வாங்குபவர் கேட்க வேண்டியது ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’, அதாவது திரையில் உண்மையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை.

சிக்னல் எங்கிருந்து வருகிறது?

சாதாரண எஸ்டி சேனல்களின் படம் அதிகபட்சம் 720 x 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள் கொண்டது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் கிடைக்கும் சேனல்களில் பெரும்பாலானவை இவ்வகையே. 4கே திரையில் இருப்பதோ இதைப்போல் 20 மடங்கு புள்ளிகள். வந்த ஒரு புள்ளியைக் கொண்டு இருபது புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்ப வேண்டியுள்ளது. பெரிய திரையில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் தோன்றுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

டிடிஎச் எச்டி சேனல்கள் பொதுவாக 1080 வரிசைகள் கொண்டவை. 4கே தரத்தைப் பெரும்பாலும் ஓடிடி தளங்களிலேயே காண முடியும். அதற்கும் உரிய சந்தா வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் 4கே தரம் உயர்நிலைத் திட்டத்துக்கு மட்டுமே உரியது. அதற்கு விநாடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் தேவை என அந்நிறுவனம் கூறுகிறது.

எச்டி சந்தா செலுத்தியும் பயன் கிட்டாத வீடுகளும் உண்டு. செட்-டாப் பாக்ஸை சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய ஏவி கேபிளில் இணைத்தால், எச்டி சேனலும் எஸ்டி தரத்திலேயே தெரியும். எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றினாலே போதும். மாற்றிய பின், பாக்ஸின் அமைப்புகளில் வெளியீடு 1080 என்று இருக்கிறதா எனவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை அடி தொலைவு?

இயல்பான பார்வை கொண்ட கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுணுக்கத்தையே பிரித்தறியும். இக்கணக்கின்படி, 43 அங்குல ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்துத் தெரியா. 55 அங்குலத்தில் அந்த எல்லை சுமார் 7 அடி. 43 அங்குல டிவியை எட்டடி தொலைவிலிருந்து பார்க்கும் வீட்டில், 4கேயின் கூடுதல் புள்ளிகளால் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அத்தகைய வீட்டில், அதே பணத்தை எச்டி சேனல் தொகுப்புக்குச் செலவிடுவது கூடுதல் பலன் தரும். 55 அங்குலத்திலும் அதற்கு மேலும் சந்தையில் இருப்பவை பெரும்பாலும் 4கே என்பதால், அங்கு இந்தக் கேள்வி அநேகமாக எழாது.

கடைகளில் ஓடுபவை பெரும்பாலும் விற்பனைக்கென்றே தயாரிக்கப்பட்ட உயர்தரக் காட்சிகள். வீட்டில் அன்றாடம் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லி, வீட்டு இருக்கையின் தொலைவில் நின்று பார்க்கலாம். ஒரே வரிசையைச் சேர்ந்த டிவிகளிலும் 32 அங்குலத்தில் ஒரு தெளிவுத்திறனும் 43 அங்குலத்தில் வேறொன்றும் இருப்பதுண்டு. ஆகவே, வாங்கவிருக்கும் அளவின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அதற்குரிய விவரங்களைச் சரிபார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.