பின்னால் கொடுத்து முன்னால் போகும் ஆட்டம்: தோட்டத்துக் கிரவுண்டில் நின்று றக்பியைப் புரிந்துகொள்வோம்

சில மாதங்களுக்கு முன் கனடாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் தன் மகனின் பாடசாலை விளையாட்டு வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் போட்ட பிள்ளைகள் முட்டை வடிவப் பந்தோடு ஒருவர்மீது ஒருவர் மோதி விழுகிறார்கள். கூடவே ஒரு கேள்வி: “இது நம்ம தோட்டத்தில துரைமார் விளையாடினதுதானே?”

பாதி சரி. டிக்கோயாவின் தரவளை மைதானத்திலும் நானுஓயாவின் ரதல்ல மைதானத்திலும் துரைமார் விளையாடியது றக்பி. வட அமெரிக்காவில் பிள்ளைகள் விளையாடுவது அந்த றக்பியில் இருந்து பிரிந்துபோன இன்னொரு ஆட்டம். அதைத்தான் அமெரிக்கன் ஃபுட்போல் என்கிறோம். றக்பியின் சட்டம் விளங்கினால் மற்றதையும் பத்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ளலாம். ஆனால், றக்பியின் சட்டத்தை எங்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

சிறு வயதில் மைதானத்துக்கு மேலே இருந்த மண்மேட்டில் உட்கார்ந்து நானும் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். விசில் அடித்தால் எல்லோரும் நிற்பார்கள். ஏன் நின்றார்கள் என்று மேட்டில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. விழுந்தால் சிரிப்போம், பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்போம். அவ்வளவுதான் எங்கள் பங்கு.

மலைக்கு வந்த கதை

1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, மலைநாடு தேயிலை நாடாக மாறியது. அதே காலத்தில், 1879 இல், கொழும்பில் றக்பி தொடங்கியது. 1891 இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ், பாடசாலை மாணவர்களிடம் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார். 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே நாட்டின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டி. 1908 இல் இலங்கை றக்பி சங்கம் அமைந்தது.

தோட்டங்களில் ஆட்டத்தை வளர்த்தவர்கள் பிரித்தானியத் துரைமார். டிக்கோயா, திம்புள்ள, ஊவா என்று பகுதிக்கொரு கழகம் வைத்து விளையாடினார்கள். சமதரை கிடைப்பதே அரிதான மலையில், லயங்கள் சரிவில் தொங்க, வெட்டிச் சமப்படுத்திய நிலம் கழகத்துக்குப் போனது. அந்தக் கழகங்களில் தொழிலாளருக்கு இடமில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதே தொழிலாளர்களை நாட்டிலேயே இடமில்லாதவர்கள் ஆக்கியது. 1977 வன்முறைக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, அங்கும் போரில் சிக்கிய குடும்பங்கள் பல.

வடக்கு கிழக்கு வாசகர்களுக்கு வேறொரு தூரம் இருக்கிறது. நாட்டின் கழகச் சுற்றுப்போட்டியில் பல பருவங்களாக விளையாடிவந்த எட்டு அணிகளில் நான்கு இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள். தொலைக்காட்சியில் அந்தப் பெயர்களைப் பார்த்ததும் வேறு அலைவரிசைக்கு மாற்றுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், ஆட்டம் அந்தப் பெயர்களுக்குச் சொந்தமானதல்ல. அதன் சட்டம் யாரும் படித்துக்கொள்ளக்கூடியது.

முதலாவது சட்டம்: கையால் முன்னால் எறியக்கூடாது

ஒரு பக்கத்துக்கு 15 பேர். 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். இரு முனைகளிலும் உள்ள கோல் கோடுகளுக்கு இடையிலான தூரம் 100 மீற்றருக்கு மேற்படாது. கோட்டின் நடுவே ஆங்கில எச் எழுத்தின் வடிவத்தில் கம்பங்கள் நிற்கும். பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் நிலத்தில் வைப்பதே நோக்கம்.

அங்கே கொண்டுபோக இரண்டு வழிகள்தான்: பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடலாம், அல்லது காலால் முன்னோக்கி உதைக்கலாம். கையால் கொடுப்பதென்றால் பக்கவாட்டில் அல்லது பின்னால் மட்டுமே கொடுக்க முடியும். முதல் தடவை பார்ப்பவரைக் குழப்புவது இதுதான். முன்னால் போகவேண்டியவர்கள் ஏன் பின்னால் எறிகிறார்கள்? பந்தை வைத்திருப்பவரை எதிரணி மறித்துவிட்டது. பின்னால் ஓடிவரும் ஆளுக்கு முன்னால் இடைவெளி இருக்கிறது. அவரிடம் கொடுத்தால் அவர் அந்த இடைவெளியால் புகுந்து போவார். ஓரடி விட்டு இரண்டடி பிடிக்கும் கணக்கு.

இதில் இருந்துதான் ‘ஓஃப்சைட்’ பிறக்கிறது. தன் அணி ஆள் பந்தை வைத்திருக்கும்போதோ உதைக்கும்போதோ அவருக்கு முன்னால் நிற்பவர் ஆட்டத்தில் தலையிடக்கூடாது. பந்துக்குப் பின்னால் வந்தால்தான் அவருக்கு வேலை.

பிடித்து விழுத்துவது

கபடியில் பிடிபட்டவர் வெளியே போவார். றக்பியில் அப்படியில்லை. பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடித்து விழுத்தலாம். விழுந்தவர் உடனே பந்தை விடவேண்டும், பிடித்தவரும் அவரை விட்டு எழவேண்டும். பந்து நிலத்தில் கிடக்க, இரு பக்கத்தாரும் காலூன்றி நின்று, ஒருவரை ஒருவர் தள்ளிப் பந்தைத் தம் பக்கம் எடுக்கப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ‘ரக்’. விழுந்தவர் பந்தை விடாமல் கட்டிப்பிடித்தால் குற்றம். மண்மேட்டில் இருந்து நாங்கள் பார்த்த விசில்களில் பாதி இதற்காகத்தான் ஊதப்பட்டிருக்கும்.

தோளுக்கு மேலே, கழுத்திலோ தலையிலோ பிடிப்பது ஆபத்தான குற்றம். மத்தியஸ்தர் மஞ்சள் அட்டை காட்டினால் 10 நிமிடங்கள் வெளியே இருக்கவேண்டும். சிவப்பு அட்டை வாங்கியவர் திரும்ப வரமுடியாது.

ஆட்டம் நின்றால் எப்படித் தொடங்கும்?

கையில் இருந்து பந்து நழுவி முன்னால் விழுந்தால் அது ‘நொக்-ஓன்’. சின்னத் தவறு. இதற்கு ‘ஸ்க்ரம்’ கொடுப்பார்கள். இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் கோர்த்துக் குனிந்து தள்ள, நடுவே பந்து போடப்படும். மாடு முட்டுவதுபோல் தெரிவது இதுதான். தவறு செய்யாத அணியே பந்தைப் போடும்.

பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் ‘லைன்-அவுட்’. இரு அணியினரும் வரிசையாக நிற்க, வெளியில் இருந்து ஒருவர் நடுவே எறிவார். தம் ஆளை மேலே தூக்கிப்பிடித்துப் பந்தைப் பறிப்பார்கள்.

பெரிய குற்றத்துக்குப் பெனால்டி. அதைக் கம்பத்துக்கு உதைக்கலாம், வெளியே உதைத்து முன்னேறலாம், அல்லது ஓடலாம்.

மத்தியஸ்தர் சில வேளைகளில் கையை நீட்டியபடி விசில் அடிக்காமல் ஓடுவார். தவறு நடந்ததை அவர் கவனிக்காமல் விட்டதாக நினைக்கவேண்டாம். பாதிக்கப்பட்ட அணிக்கு ஆட்டத்தைத் தொடர்வது இலாபமா என்று பார்க்கிறார். இலாபம் கிடைக்காவிட்டால் முதல் தவறுக்கே திரும்பிவருவார்.

புள்ளிக் கணக்கு

கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் ‘ட்ரை’, 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலால் உதைத்தால் மேலும் 2. பெனால்டியைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி உதைத்துப் போட்டாலும் 3. ஒரு அணி 7 புள்ளிகளால் பின்தங்கி நின்றால், ஒரு ட்ரையும் அதன் உதையும் ஆட்டத்தைச் சமப்படுத்திவிடும். கடைசி நிமிடங்களில் கூட்டம் எழுந்து நிற்பது இதனால்தான்.

அமெரிக்கன் ஃபுட்போல்: எங்கே பிரிந்தது?

1874 இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி அமெரிக்காவின் ஹார்வார்டுக்குப் போய் றக்பிச் சட்டத்தில் விளையாடியது. அமெரிக்க மாணவர்களுக்கு அது பிடித்துப்போனது. ஆனால், பந்துக்காகத் தள்ளுப்படும் ஸ்க்ரம் அவர்களுக்குச் சரிவரவில்லை. 1880 இல் வோல்ட்டர் காம்ப் என்பவரின் யோசனைப்படி அணிக்கு 11 பேர் ஆனார்கள். தள்ளுமுள்ளுக்குப் பதிலாக ஒரு அணிக்கே பந்தைக் கொடுத்து, இரு பக்கமும் ஒரு கோட்டில் எதிரெதிரே நிற்கும் முறை வந்தது. பந்து கிடைத்த அணி அதை விடாமல் நேரத்தைக் கடத்தியதால், 1882 இல் ஒரு நிபந்தனை போட்டார்கள்: குறித்த தடவைகளுக்குள் குறித்த தூரம் போகாவிட்டால் பந்து மற்ற அணிக்கு.

தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களுக்கு இந்த நிபந்தனையை விளக்கத் தேவையில்லை. குறித்த கிலோ எடுத்தால் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர். இங்கே நான்கு தடவைகளுக்குள் 10 யார் முன்னேறினால் மறுபடி நான்கு தடவைகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து போய்விடும். ஒவ்வொரு தடவைக்கும் ‘டவுன்’ என்று பெயர். கனடாவின் சொந்த வகையில் மூன்று டவுன்தான், அணிக்கு 12 பேர், மைதானமும் 110 யார். உறவினரின் மகன் விளையாடுவது எந்த வகை என்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மற்ற வேறுபாடுகள் இவை. ஒவ்வொரு தடவையும், அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு முறை பந்தை முன்னால் எறியலாம். பெரும்பாலும் எறிபவர் ‘குவாட்டர்பெக்’; மூளை அவர்தான். பந்து இல்லாத ஆளையும் மறித்துத் தள்ளலாம். றக்பியில் அது குற்றம். தாக்கும் அணிக்கு வேறு ஆட்கள், தடுக்கும் அணிக்கு வேறு ஆட்கள். கோட்டைத் தாண்டினாலே ‘டச்டவுன்’, 6 புள்ளிகள். பெயர் அப்படி இருந்தாலும் பந்தை நிலத்தில் வைக்கவேண்டியதில்லை. பின்னர் உதைத்தால் 1, அல்லது மறுபடி ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் 2. டச்டவுன் கிடைக்காதபோது கம்பத்துக்கு உதைத்துப் போட்டால் 3. தொழில்முறை ஆட்டத்துக்கு 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகள். கடிகாரம் அடிக்கடி நிற்பதால் முடிய மூன்று மணித்தியாலங்கள் ஆகும்.

தலையைப் பற்றி ஒரு வார்த்தை

1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தில் பல இளைஞர்கள் இறந்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கல்லூரிகளை அழைத்துப் பேசினார். அதையடுத்து வந்த மாற்றங்களில் ஒன்றுதான் 1906 இல் அனுமதிக்கப்பட்ட முன்னோக்கிய எறிதல். நெரிசலில் மோதுவதைக் குறைத்து ஆட்டத்தைப் பரப்புவது அதன் நோக்கம்.

தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. உலக றக்பி அமைப்பின் விதி தெளிவானது: மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அந்த வீரரை உடனே வெளியே எடுக்கவேண்டும், அன்று திரும்ப விடக்கூடாது. தலைச்சுற்று, வாந்தி, குழப்பம், வெறித்த பார்வை ஆகியவை அடையாளங்கள். நல்ல ஆஸ்பத்திரிக்குப் போகவே நீண்ட மலைப்பாதை உள்ள இடங்களில் இந்த விதி பெற்றோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பயிற்றுநர் மறந்தாலும் பெற்றோர் கேட்கலாம். கேட்பதற்குச் சட்டம் தெரிந்திருக்கவேண்டும்.

மேட்டில் இருந்து இறங்குவது

பெரிய துரையின் பங்களாவும், கழகமும், கிரவுண்டும் எங்கள் ஆட்களின் கைபட்டு உருவானவை. மண்ணை வெட்டியவருக்கும் புல்லை வெட்டியவருக்கும் அந்தப் புல்லில் நடந்த ஆட்டத்தின் சட்டம் தெரியாமலே ஒரு நூற்றாண்டு போனது. ஆட்டம் கடினமானது என்பதல்ல காரணம். எங்கள் மொழியில் எவரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

உறவினருக்கு இவ்வளவையும் ஒலிப்பதிவாக அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மகன் தடவைகளை எண்ணிக் காட்டினானாம், மூன்றில் பந்து கைமாறியதாம். தான் ஒரு பழைய பந்தைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது லயத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் எறியப் பழக்கப்போவதாகவும் சொன்னார். விளையாட எந்த இடம் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.