முதல் மேக்ரோ லென்ஸும் ஒரு மாவுப்பூச்சியும்

முதல் மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம் ஒன்றுதான்: 50, 60 மி.மீ. பக்கம் போவதா, 100 மி.மீ. பக்கம் போவதா? பெரும்பாலும் விலையையும் கூர்மையையும் ஒப்பிட்டே பதில் சொல்வார்கள். கூர்மையில் பெயர் பெற்ற மேக்ரோ லென்ஸ் எதுவும் மோசமில்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இந்த லென்ஸ்கள் எதைப் பார்ப்பதற்காக உருவாயின? நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது எதை?

முதல் கேள்விக்கான விடை காகிதத்தில் இருக்கிறது. 35 மி.மீ. கேமராவுக்கான முதல் மேக்ரோ லென்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1955ல் வந்த 40 மி.மீ. மேக்ரோ கிலார். ஹைன்ஸ் கில்ஃபிட் செய்தது. அடுத்த ஆண்டே நிக்கான் 5 செ.மீ. மைக்ரோ நிக்கோரை வெளியிட்டது. அந்தக் காலத்தில் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் சுருக்கிச் சேமித்தார்கள். ஆங்கில எழுத்துக்குப் போதுமாக இருந்த லென்ஸ், ஜப்பானியர்களின் கான்ஜி எழுத்துக்குப் போதவில்லை. ஒரே எழுத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் இருக்கும். சுருக்கினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு கறையாகிவிடும். அந்தக் கோடுகளைப் பிரித்துக் காட்டத்தான் நிக்கான் அந்த லென்ஸைச் செய்தது. 'மைக்ரோ' என்ற பெயர் மைக்ரோஃபிலிமை இன்றும் நினைவூட்டுகிறது.

அதாவது 50 மி.மீ. மேக்ரோவின் பூர்விகம் நகலெடுக்கும் மேசை. அங்கே வைக்கிற தாள் தட்டையானது, அசையாது, லென்ஸின் நிழல் விழுந்தால் பறந்து போகாது.

கோவையில் கதை வேறு. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906 வாக்கில் இங்கே வந்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளை அடையாளம் காண்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃப்ளெட்சர் 1914ல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றித் தடிமனான நூல் ஒன்றை வெளியிட்டார். கோவையில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940ல் வந்தது. ஃப்ளெட்சர் நூலின் வண்ணப் பக்கங்களில் இருப்பவை புகைப்படங்கள் அல்ல, ஓவியங்கள். அதற்குக் காரணம் வண்ணப்படச் சுருள் இல்லாதது மட்டுமல்ல. ஓவியருக்குக் குவியம் என்ற தொல்லை கிடையாது. கொம்பு முனையிலிருந்து வால் நுனிவரை எல்லாவற்றையும் ஒரே தெளிவில் வரைந்துவிடலாம்.

லென்ஸால் அது முடியாது. 1:1 உருப்பெருக்கத்தில், ஃபுல் ஃப்ரேம் கேமராவில், எஃப்/8 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டும்தான். இதில் 60க்கும் 100க்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒரே உருப்பெருக்கம் என்றால் ஒரே ஆழம்தான். விளம்பரங்களில் இது வராது.

இனி 2008க்கு வருவோம். அந்த ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று அப்பியிருந்தது. பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் கண்டார்கள். பூர்விகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. அறிவியல் பெயர் பெற்றதே 1992ல்தான். இந்தியாவில் முதன்முதலில் பதிவானது இங்கேதான். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் தாவியது. ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பட்டுப்புழு விவசாயிகளுக்கு இது இரட்டைச் சிக்கல். மல்பெரியில் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். அடிக்காவிட்டால் புழுவுக்கு இலையே கிடைக்காது.

மருந்துக்குப் பதிலாக வந்தது ஒரு குளவி. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளியே வரும். மாவுப்பூச்சி அடங்கியது.

லென்ஸ் வாங்குகிறவருக்கு இந்தக் கதையில் உருப்படியான கணக்கு ஒன்று இருக்கிறது. 1:1 என்றால் ஃபுல் ஃப்ரேமில் அகலவாக்கில் 36 மி.மீ. பரப்பு அடங்கும். மாவுப்பூச்சியின் பெண் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதாவது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. குளவி 1 மி.மீ. கூட இல்லை, வெறும் புள்ளியாகத்தான் தெரியும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக் காண்டாமிருக வண்டோ சுமார் 4 செ.மீ. அளவுக்கு வளரும். அதை முழுசாக எடுக்க 1:1 வேண்டியதே இல்லை, பாதி உருப்பெருக்கமே போதும். முதலில் எந்தப் பூச்சி, எவ்வளவு பெரிசு என்று யோசிக்கணும். லென்ஸ் அதற்கப்புறம்.

அதைவிட முக்கியம் உயிர். மாவுப்பூச்சி உயிரோடு இருக்கும்போது மஞ்சள் நிறம். ஆல்கஹாலில் போட்டால் கருநீலமாக மாறிவிடும். அந்த மாற்றமே அதை அடையாளம் காண உதவும் குறிப்பு என்றாலும், குப்பியில் இருப்பதை மட்டும் பார்க்கிறவருக்கு அசல் நிறம் தெரியாது. குளவி முட்டையிடுவதையும் எறும்பு மாவுப்பூச்சியிடம் தேன்கழிவை வாங்கிக் குடிப்பதையும் உயிரோடு இருக்கும்போது மட்டுமே பார்க்க முடியும்.

அதனால்தான் என் பரிந்துரை 90 முதல் 105 மி.மீ.க்குள் ஒன்று. 1:1ல் ஒரு 60 மி.மீ. லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே 5 செ.மீ. அளவுதான் கிடைக்கும். 100 மி.மீ. வகையில் 14, 15 செ.மீ. வரை கிடைக்கும். அந்தக் கூடுதல் இடைவெளியில் நிழல் விழாது, வெளிச்சம் போட இடமிருக்கும், வெட்டுக்கிளி குதித்து ஓடாது. ஓலைச்சுவடி, நாணயம், தபால்தலை எடுக்கப்போகிறவர்கள் தாராளமாக 50, 60 வாங்கலாம். அது பிறந்ததே அந்த மாதிரி வேலைக்குத்தான்.

காசு குறைவு என்றால் பழைய மேனுவல் லென்ஸைத் தேடுங்க. 1979ல் வந்த டாம்ரான் 90 மி.மீ. 1:2 வரைதான் போகும். எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று போட்டால் 1:1 எட்டிவிடும். இந்த நெருக்கத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துத்தான் குவிக்க வேண்டும். மிச்சமாகும் காசை ஒரு ஃபிளாஷுக்கும், வெளிச்சத்தைப் பரப்ப ஒரு டிஃப்யூசருக்கும் போட்டால் படம் இன்னும் நன்றாக வரும்.

மாவுப்பூச்சியோடு இது முடியவில்லை. 2016ல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. அதுவும் இந்தியாவில் முதல் பதிவு. அடுத்ததும் ஒருநாள் ஏதோ ஒரு தோட்டத்தில், இலைக்கு அடியில்தான் முதலில் தென்படும். அதைப் பார்க்க அங்கே நிற்பவர் விஞ்ஞானியாக இருக்க வாய்ப்பு குறைவு. தேதி, ஊர், எந்தச் செடி என்ற மூன்றையும் குறித்து வைத்த தெளிவான ஒரு படம் அப்போது விஞ்ஞானிக்குப் பயன்படும். லென்ஸ் வந்த முதல் நாள் பூவைத் தேடிப் போகாதீங்க. வீட்டுப் பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்க.