செம்புக் கம்பியும் செவியின் சாட்சியமும்: ஒலிபெருக்கி வடம் பற்றிய ஒரு விவாதத்தின் வரலாறு

பெருக்கியையும் ஒலிபெருக்கியையும் இணைக்கும் கம்பி, 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்க இல்லங்களில் பெயரற்ற பொருளாகவே இருந்தது. மேசை விளக்குக்குப் பயன்படும் இரட்டைக் கம்பியை ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் வெட்டி வாங்கி முடுக்கிவிடுவதே வழக்கம். எவ்வளவு தொலைவுக்கு எவ்வளவு தடிமன் என்பது மட்டுமே கேள்வியாக இருந்தது. அதற்கு ஓர் அட்டவணை போதுமானதாக இருந்தது. அந்தக் கம்பி எவ்வாறு சில பத்தாண்டுகளில் பல்லாயிரம் டாலர் விலை பெற்றது என்பது மின்னியலின் வரலாறு மட்டுமன்று; எது சான்று, யாருடைய செவி சாட்சி என்ற வழக்கின் வரலாறும் ஆகும்.

வடத்தைப் பற்றிய கோட்பாடு இசையிலிருந்து பிறந்ததன்று, கடலடித் தந்தியிலிருந்து பிறந்தது. 1858இல் அட்லாண்டிக்கின் அடியில் இடப்பட்ட வடத்தில் குறிகள் மங்கிக் குழம்பின. வைல்ட்மன் வைட்ஹவுஸ் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். சில வாரங்களிலேயே வடம் செயலிழந்தது. நீண்ட வடத்தில் குறி ஏன் சிதைகிறது என்பதை வில்லியம் தாம்சனும், பின்னர் ஆலிவர் ஹெவிசைடும் கணிதத்தால் விளக்கினர். ஒரு நூற்றாண்டு கழித்து, விலையுயர்ந்த வடங்களின் விளம்பரங்கள் இதே மரபின் சொற்களைக் கடன் வாங்கின. ஆனால் 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வடத்துள் செல்லும் அலையின் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மூன்று மீட்டர் கம்பிக்கு அட்லாண்டிக்கின் இடர்கள் பொருந்தா. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டி ஓடும் விளைவும் அவ்வாறே: 20,000 ஹெர்ட்ஸிலும் அது செம்பில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. 16 கேஜ் கம்பியின் ஆரமே 0.65 மில்லிமீட்டர்தான்.

எஞ்சுவது மின்தடை. வடம் ஒலியை மாற்றுமா என்ற வினாவுக்கு 'ஆம்' என்று விடையளிக்கும் இடமும் இதுவே. இதை மறைத்து ஏளனம் செய்வோரும் வரலாற்றுக்கு நேர்மையானவர்கள் அல்லர். ஒலிபெருக்கி 10 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் போகவும் வரவும் 20 மீட்டர். மெல்லிய 24 கேஜ் கம்பியில் இத்தடை ஏறத்தாழ 1.7 ஓம்; 16 கேஜில் 0.26 ஓம். எட்டு ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு உண்மையில் நிலையானதன்று. அதிர்வெண்ணுக்கேற்ப 4 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே அலையக்கூடும். மெல்லிய கம்பியில் 4 ஓம் இடத்தில் சுமார் 3 டெசிபல் இழப்பு நேர, 30 ஓம் இடத்தில் அரை டெசிபலே இழப்பு. அதாவது ஒலியின் சமன்பாடே மாறுகிறது. அது காதுக்குக் கேட்கும். 16 கேஜில் அந்த வேறுபாடு அரை டெசிபல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல் தடிமனைக் கூட்டக் கூட்டப் பயன் தேய்கிறது. வெள்ளிக்கு மாறினாலும் கிடைப்பது செம்பைவிட ஆறு விழுக்காடு அளவிலான கூடுதல் கடத்துதிறன் மட்டுமே. கம்பியைச் சற்றே தடிப்பாக்கினால் அது செம்பிலேயே கிட்டும்.

இந்தப் பின்புலத்தில் 1970களின் பிற்பகுதியில் நோயல் லீ தோன்றினார். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், வெவ்வேறு கம்பிகளில் வெவ்வேறு ஒலி கேட்பதாக உணர்ந்து, தடித்த கம்பிக்கு 'மான்ஸ்டர் கேபிள்' என்று பெயரிட்டு விற்றார். அவரது உண்மையான கண்டுபிடிப்பு கம்பியில் இல்லை, கடையில் இருந்தது எனலாம். பெருக்கியிலும் ஒலிபெருக்கியிலும் குறைந்த இலாபமே கண்ட விற்பனையாளர்க்கு, துணைப்பொருளில் பெரும் இலாபம் உண்டென்று அவர் காட்டினார். விற்போர்க்குப் பயிற்சியும் அளித்தார். விளக்குக் கம்பி அதன்பின் ஏழ்மையின் அடையாளமாயிற்று.

மறுப்பு தொழிலுக்குள்ளிருந்தே எழுந்தது. மெக்கின்டாஷ் நிறுவனத்தின் தலைவர் கார்டன் கவ், கம்பிகளை ரிலே வழியே உடனுக்குடன் மாற்றிக் கேட்கச் செய்து, வேறுபாடு புலப்படாததைப் பிறருக்குக் காட்டினார். அங்கு ஒலியியல் ஆய்வை வழிநடத்திய ராஜர் ரசல் அதைப் பதிவு செய்துள்ளார். எது ஒலிக்கிறது என்று அறியாமலே கேட்டு ஒப்பிடும் முறைக்கு, 1950இல் பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்டனரும் வெளியிட்ட கட்டுரை முன்னோடி. அதனை ஆடியோத் துறைக்குரிய கருவியாக டேவிட் கிளார்க் 1982இல் விவரித்தார். மறு ஆண்டே 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் மான்ஸ்டர் கேபிளையும், 16 கேஜ் விளக்குக் கம்பியையும், 24 கேஜ் கம்பியையும் ஒப்பிட்டார். மெல்லிய கம்பியை இரைச்சல் ஒலியில் கேட்போர் இனங்கண்டனர். இசையில் மான்ஸ்டரையும் விளக்குக் கம்பியையும் பிரித்தறிய இயலவில்லை. மின்தடைக் கணக்கு சொல்வதற்கு இது ஒத்தே இருக்கிறது. 1991இல் பிரெட் டேவிஸ் பன்னிரண்டு வடங்களை அளந்து, வடமும் பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை ஆடியோ பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். நெருக்கமாகப் பின்னிய சில வடங்களின் மிகை மின்தேக்குத்திறன் பெருக்கிகளை நிலைகுலையச் செய்ததும் உண்டு. விலை கூடியது தீங்கு செய்த வேடிக்கை அது.

எனினும் வழக்கு தீரவில்லை. நீண்ட நாள் கேட்டுப் பழகினாலன்றி வேறுபாடு புலப்படாது, சோதனையின் பதற்றமே செவியை மழுக்குகிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இதை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நாள்கணக்கில் கேட்பதோடு பெயரை மறைத்துக் கேட்பதையும் சேர்த்துச் செய்யத் தடை ஏதுமில்லை. அவ்வாறு செய்யும் ஆர்வம் விற்போரிடம் அரிதாகவே காணப்பட்டது. 2007இல் ஜேம்ஸ் ரண்டி, 7,250 டாலர் விலையுள்ள 12 அடி வடச் சோடி ஒன்றைச் சாதாரண வடத்திலிருந்து செவியால் பிரித்தறிவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் என்று அறைகூவினார். விமர்சகர் ஒருவர் முன்வந்தார், வடத்தைத் தயாரித்த நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை நடைபெறவில்லை.

அதே ஆண்டு, 1962இல் 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கிக் கேட்டு மதிப்பிடும் விமர்சன மரபுக்கே அடித்தளமிட்ட ஜே. கார்டன் ஹோல்ட், பெயர் மறைத்த சோதனையை ஏற்க மறுத்ததால் தம் துறை 1980களிலேயே நம்பகத்தன்மையை இழந்துவிட்டதாக அவ்விதழின் நேர்காணலிலேயே வருந்தினார். வட விமர்சனங்கள் அதன்பின்னும் அவ்விதழில் வெளிவந்துகொண்டிருந்தன.